ஒரு சொட்டும் ஒழுகாத வீடுகள்

டாக்டர் அறைக் கதவு சாத்திக்கொண்டதோடு போன வாரம் நின்றிருந்தோம். அதற்குப்பின் உங்களுக்கு ஏழு நாள் ஓடிவிட்டது. அந்த வீட்டில் மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது. அந்த மூன்றைத் தள்ளுவதற்குள் அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே டாக்டர் சொன்னது இதுதான். குழந்தையின் ரத்தத்தில் காரீயம் கலந்திருக்கிறது. மூன்றரை வயதில் இருக்கவே கூடாத அளவு. அடிக்கடி வரும் வயிற்று வலிக்குக் காரணம் அது. இருபது வரை எண்ணிக்கொண்டிருந்தவள் இப்போதெல்லாம் பன்னிரண்டில் நின்று முழிப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். போனது திரும்பி வருமா என்று கேட்டதற்கு, "இனிமே போகாம பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

தாய்க்காரி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. வழியெல்லாம் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் குழாயின் திருகை ஒரு பழைய துணியால் இறுக்கிக் கட்டினாள். அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்.

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் அலுவலகத்துப் பரிசோதகர் அம்மாள் வந்து மூன்று பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். வாசல் மீட்டரில் ஒன்று. சமையலறைக் குழாயைத் திறந்த மாத்திரத்தில் ஒன்று. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஒன்று.

இன்று சனிக்கிழமை. அந்த வீட்டு மகன், குழந்தையின் அப்பா, பஸ் ஓட்டுகிறவன். லீவு போட்டிருந்தான். தெருவே திரண்டு தண்ணீர் அலுவலகத்துக்குப் போகிறது. முன்னால் நடப்பது அவன். 'எங்கள் பிள்ளைகளுக்கு விஷமா?' என்று அட்டையில் எழுதிக் கையில் பிடித்திருந்தான். எழுத்து கோணல்மாணல், கோபம் நேராக இருந்தது.

"நீங்களும் வாங்கப்பா. நீங்க வந்தா அவனுங்க வாய் மூடிக்கும்."

"முட்டி வலிக்குதுடா. நீ போ."

அப்பா பிளம்பர். முப்பத்தைந்து வருஷ வேலை. "நான் வெச்ச குழாய்ல ஒரு சொட்டு ஒழுகினா என் பேரை மாத்து" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குச் 'சொட்டு' என்று பேர் மாறிவிட்டது. பிறகு முடி கொட்டத் தொடங்கியதும் தெருக்காரர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. சொட்டு, சொட்டை ஆனார். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். பேர் எப்படிச் சிதைந்தாலும் வேலைக்கு இருந்த பேர் சிதையவில்லையே, அது போதும் அவருக்கு.

மகன் போன கால் மணியில் பரிசோதகர் அம்மாள் வந்தார். மருமகள் உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எனக்கு லீவுதான் ஐயா. குழந்தை இருக்கிற வீடாச்சேன்னு நேர்லயே குடுத்துட்டுப் போக வந்தேன்." உறையை நீட்டினார். "மீட்டர்ல எடுத்தது சுத்தம். சமையலறைல முதல்ல பிடிச்சதுதான்… இருக்கலாம்னு சொல்ற அளவைப்போல ஆறு மடங்கு. ஓடவிட்டுப் பிடிச்சதுல பாதிக்கும் கீழ இறங்கியிருக்கு."

பிளம்பருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? வாசல் வரை நல்லபடியாக வந்த தண்ணீர், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கெட்டிருக்கிறது. ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில் அதிகம். ஓடிய தண்ணீரில் குறைவு. குழாய் செம்பு, செம்பில் காரீயம் ஏது? குழாயும் குழாயும் சேர்கிற இடத்தில், உருக்கிப் பற்றவைத்திருக்கிறதே, அதில் இருக்கிறது.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையேம்மா?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷத்திலேர்ந்து வேற இடத்துத் தண்ணி விடறோம். இது கொஞ்சம் கடிக்கிற தண்ணி. பழைய தண்ணி குழாய்க்குள்ள படிவு கட்டி, காரீயத்தை மூடி வெச்சிருந்தது. இது அந்தப் படிவை அரிச்சிடுச்சு. எங்க ஆபீஸ்ல முன்னாடியே யோசிச்சிருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பிறகு பேனாவை எடுத்தார். "உள் வேலை யார் பண்ணினதுன்னு தெரியுமா? அவர் வேற எந்தெந்த வீட்டுல பண்ணியிருக்கார்னு தெரிஞ்சா, அங்கெல்லாம் முதல்ல போய்ப் பாத்துடுவேன்."

சொட்டையர் வாசல் நடையைப் பார்த்தார்.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்தில் எந்த வீட்டுக்காரரிடமும் பொய் சொல்லிப் பிழைத்தவர் இல்லை. இன்று தன் வீட்டு வாசலிலேயே அது சரளமாக வந்தது. உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மாமனாரும் மருமகளும் ஃபில்டர் வாங்கக் கிளம்பினார்கள். குழந்தை பக்கத்து வீட்டில். எது நல்லது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. எது நம் குழாய்க்குப் பொருந்தும் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அப்படித்தான் பேச்சு.

கடையில் கால் வைக்க இடமில்லை. ஊருக்கு வயிற்றுவலி வந்ததில் கடைக்காரருக்கு வயிறு நிறைந்திருந்தது. மேஜைமேல் இரண்டு டம்ளர் தண்ணீர். கையில் பேனா மாதிரி ஒரு கருவி.

"இது நம்ம ஊர்க் குழாய்த் தண்ணி, மேடம். இருநூத்தி நாப்பது காட்டுதா? இது நம்ம மெஷின்ல வந்தது. பாருங்க, பதினெட்டு! இதுக்குமேல நான் பேசணுமா?"

"பேசணும்" என்றாள் மருமகள். "இந்தப் பேனா தண்ணில கரைஞ்ச உப்பைத்தானே காட்டும்? காரீயத்தைத் தனியாக் காட்டுமா?"

"எல்லாம் சேத்துத்தான் மேடம் காட்டும்."

"காட்டாது. உப்பு கம்மியா இருக்கிற தண்ணிலயும் காரீயம் இருக்கலாம்."

கடைக்காரர் ஒரு கூஜாவைத் தள்ளினார். கூஜாவின் மூடிக்குள்ளேயே ஃபில்டர். அவள் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். நாள் முழுக்கச் சீட்டுப் படிப்பதுதானே அவள் பிழைப்பு. "வாடை, ருசி, குளோரின். இவ்வளவுதான் போட்டிருக்கு." அடுத்தது குழாய் நுனியில் மாட்டுகிற குமிழ். "மண், தூசி." அதையும் வைத்தாள். "காரீயத்தை எடுக்கும்னு சோதனை பண்ணி, எந்தச் சோதனைன்னு பெட்டில எழுதியிருக்கிறது ஏதாவது இருந்தா எடுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, நாங்க வேற கடை பாக்கறோம்."

கடைக்காரர் முதல்முறையாகப் புன்னகையை மடித்து வைத்தார். உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். சிங்க்குக்கு அடியில் பொருத்துவது. அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். காரீயம் என்று இருந்தது. எந்தச் சோதனை, எத்தனை லிட்டர் வரை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உள்ளிருக்கும் உருளையை மாற்ற வேண்டும், எல்லாம் இருந்தது.

"பாத்ரூமுக்கு, மாடிக்கு எல்லாம் ஒண்ணொண்ணு வேணுமா மாமா?"

"வேண்டாம்மா. அடுப்படிக்கு மட்டும் போதும். மாடிக் குழாய்ல இல்ல, அது பிளாஸ்டிக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவள் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மாடிக் குழாய்ல இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"ரிப்போர்ட் வந்துடுச்சா மாமா?"

கடைக்கு வெளியே, நடைபாதையில், கைவண்டி ஒன்றின் நிழலில் நின்று உறையைக் கொடுத்தார். அவள் மூன்று எண்களையும் இரண்டுமுறை படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருந்துச் சீட்டில் தப்பான மருந்தைக் கண்டால் கடையில் இப்படித்தான் நிற்பாள் போலும்.

"வாசல்ல இல்ல. வீட்டுக்குள்ளதான்."

"ம்."

"நீங்க போட்ட குழாய்."

"ம்."

"தெரியாம நடந்ததா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் அலுவலகம் தண்ணீரை மாற்றியதைச் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. காலையில் ஒரு பொய் சொன்னவருக்கு இரண்டாவது சுலபமாக வரும் என்பார்கள். அவருக்கு வரவில்லை.

"குழாயைப் பத்தவைக்கக் கடைல ரெண்டு சுருள் வெச்சிருப்பான்" என்று ஆரம்பித்தார். "ஒண்ணு லேசுல உருகும். குழாயைச் சுத்தி மோதிரம் மாதிரி வந்து உக்காரும். காரீயம் கலந்தது. காரீயம் இல்லாத சுருள் அப்போ புதுசு. முரண்டு பிடிக்கும். ஒரு இடம் ஏறும், ஒரு இடம் ஏறாது. மறுநாள் ஒழுகும். நான் வெச்சது ஒழுகலாமா? அதான்… மூணு வருஷம் பழைய சுருளையே வாங்கினேன். நம்ம வீடும் அந்த மூணு வருஷத்துல கட்டினதுதான்."

"அந்தச் சுருள்ல ஏதாவது எழுதியிருந்ததா?"

"சீட்டு ஒட்டியிருந்தது."

"என்னன்னு?"

"குடிதண்ணிக் குழாய்க்கு ஆகாதுன்னு."

"படிச்சீங்களா?"

தெருவில் ஒரு லாரி போயிற்று. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"படிச்சேம்மா."

அவள் காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எத்தனை வீடு?"

"நம்மளோட சேத்து நாப்பத்தொண்ணு."

"வீடு போய்ச் சேர்றவரைக்கும் என்கிட்ட எதுவும் பேசாதீங்க மாமா" என்றாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அவர் ஃபில்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றபடியே வந்தார்.

வீட்டில் அவர் சிங்க்குக்கு அடியில் படுத்து வேலையை ஆரம்பித்தார். வால்வை மூடினார். ஃபில்டரை இணைக்க ஒரு சாண் குழாயை வெட்டியாக வேண்டும். வெட்டினார். வெட்டிய துண்டில் ஒரு இணைப்பும் சேர்ந்து வந்தது. ஹேக்சா பிளேடால் அதை நெடுக்காகப் பிளந்தார். வெளியே பார்த்தால் அப்பழுக்கில்லாத மோதிரம். உள்ளே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று, எலி கொறித்த சோப்புக்கட்டி போல. துடைத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். பிறகு ஃபில்டரைப் பொருத்தி, திருகுகளில் வெள்ளை டேப் சுற்றி இறுக்கி, பத்து நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தார். எங்கும் ஒழுகவில்லை. பழக்கதோஷத்தில் விரலால் தடவிப் பார்த்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மகன் வந்தான். தொண்டை கட்டியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அவன் சிரிப்பது இப்போதுதான்.

"திணறடிச்சிட்டோம்ப்பா! பெரிய அதிகாரியே வெளிய வந்துட்டான். என்ன சொல்றான் தெரியுமா? தெருக் குழாய் சுத்தமாம், கோளாறு எங்க வீட்டுக்குள்ள இருக்காம். ஈயத்தைப் பாத்து இளிச்சுதாம் பித்தளை! விடுவேனா? மைக்கை வாங்கிட்டேன். 'எங்க வீட்டுக் குழாய் யார் போட்டது தெரியுமாய்யா? எங்கப்பா! இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு அவர்தான் போட்டாரு. ஒரு சொட்டு ஒழுகினதுன்னு ஒருத்தர் சொல்லுங்க பாப்போம்'னேன். கைதட்டல் அடங்கவே இல்ல. திங்கக்கிழமை இன்ஜினியர் வர்றாரு. நீங்க முன்னாடி நின்னு பேசணும்."

பேசிக்கொண்டே மேஜையில் கை ஊன்றினான். பிளந்த குழாய்த்துண்டு விரலில் பட்டது.

"என்னது இது?"

அப்பா சொன்னார். நடைபாதையில் சொன்னதைவிடக் குறைந்த வார்த்தைகளில் சொன்னார். சுருள், சீட்டு, படித்தது, நாற்பத்தொன்று. காலையில் பரிசோதகர் அம்மாளிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னதையும் மறைக்கவில்லை. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மகன் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ அந்த அதிகாரி சொன்னது நெசம்."

"பாதி நெசம். சொல்லாம கொள்ளாமத் தண்ணிய மாத்தினது அவங்க தப்பு."

"அந்தப் பாதி போதும்ப்பா." மகன் குரல் திடீரென்று இறங்கிற்று. "அதை வெச்சே அவங்களப் பதில் சொல்ல வைக்கலாம். மத்ததுக்கு நீங்க வாயைத் திறக்காதீங்க. அந்த அம்மா கேட்டா, போட்டவர் செத்துட்டாருன்னு சொல்லிடலாம்."

"செத்துட்டாருன்னா?"

"பேச்சுக்குச் சொன்னேன்ப்பா."

"அப்போ மத்த நாப்பது வீட்டுப் பிள்ளைங்க?"

கேட்டது மருமகள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குழந்தை தூங்கிப்போயிருந்தாள், வாய் திறந்து, அம்மாவின் ரவிக்கைத் தோளில் எச்சில் நனைந்திருந்தது.

"ஆபீஸ்ல எல்லா வீட்டுக்கும் வந்து பாட்டில் பிடிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க" என்றான் மகன்.

"எப்போ?"

"வரிசையாத்தான் வருவாங்க. மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல நம்ம பிள்ளைக்கு எட்டு எண் போச்சு" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "போன மாசிவரைக்கும் இருபது எண்ணினா."

மகன் எழுந்தான். "நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படி நடக்கிறது? மைக்குல பேசிட்டு வந்திருக்கேன். எல்லார் முன்னாடியும் எங்கப்பா எங்கப்பான்னு… நீயாவது யோசிச்சுப் பாரு."

"யோசிச்சேன். கடையிலேர்ந்து வர்ற வழி முழுக்க அதைத்தான் யோசிச்சேன்." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். நடைபாதையில் பேசியதற்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசுவது அதுதான் முதல்முறை. "நான் உங்கள மன்னிக்கல மாமா. மன்னிப்பேனான்னும் தெரியல. திங்கக்கிழமை இவளைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. அது வேற. நமக்குத் தெரிஞ்சுபோச்சு, நாம கேன் வாங்கறோம், ஃபில்டர் போடறோம். அவங்களுக்குத் தெரியாது. இப்போகூட எவளாவது ஒருத்தி அந்தத் தண்ணில பால் கலக்கிக்கிட்டிருப்பா."

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"செருப்பைப் போடுங்க மாமா. பரிசோதகர் அம்மாவுக்கு நான் போன் பண்றேன். இருட்டறதுக்குள்ள எத்தனை வீடு முடியுமோ, அத்தனை வீடு."

மகன் வாசல் நிலையில் கை வைத்து நின்றான். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றார். அவனைவிட அரைத்தலை உயரம் குறைந்தவர். மகன் அப்பாவைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அங்கே எதையோ காலால் எட்டி உதைக்கிற சத்தம் கேட்டது.

நாற்பது வீடுகளில் எதற்கு முதலில் போவது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டில் தையல்காரப் பெண்ணுக்கு ஏழு மாசம்.

மிஷின் ஓடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. கதவைத் தட்டியதும் நின்றது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண் வந்து திறந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"வாங்கய்யா, வாங்க! இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். அண்ணன் மைக்குல வெளுத்து வாங்கிட்டாராமே! எங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

"ஒரு விஷயம் சொல்லணும்மா…"

"உக்காருங்க முதல்ல. வெயில்ல வந்திருக்கீங்க." பேசிக்கொண்டே உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம். "தெருவே கேன் வாங்குதுன்னு நானும் மூணு நாளா நச்சரிச்சேன் இவரை. இன்னிக்கு அண்ணன் பேசினதைக் கேட்டுட்டு வந்து, 'நம்ம வீட்டுக் குழாயும் ஐயா போட்டதுதான், நமக்கு எதுக்குக் கேன்?'னு சொல்லிட்டாரு. எனக்கும் அப்பத்தான் நிம்மதியாச்சு. டாக்டர் வேற நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காரு."

இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள். இன்னொன்றை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவர் தன் டம்ளரை வாங்கவில்லை. எட்டி, அவளுடைய டம்ளரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். தண்ணீர் தளும்பி இருவர் கையிலும் வழிந்தது.

"குடிக்காதேம்மா."

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். "என்னங்கய்யா? என்னாச்சு?"

உள்ளேயிருந்து அவள் புருஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். காலையில் அந்த அட்டையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு போனவன் அவன்தான்.

பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். ஒருவழியாக, "உங்க வீட்டுக் குழாயைப் போட்டது நான்தான்" என்றார்.

"அதான் ஊருக்கே தெரியுமே ஐயா!" என்று சிரித்தான் அவன்.

பெரியவர் சிரிக்கவில்லை. டம்ளரிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.